மேக்பெத்: பாங்கோவின் ஆவி மேடையில் தெரிய வேண்டுமா, வேண்டாமா?

ஒத்திகை எழுதியது:

வணக்கம். எங்கள் குழு ஷேக்ஸ்பியரின் மேக்பெத் எடுத்திருக்கிறது. இயக்கம் நான், முதல் முறை. முதல் இரண்டு அங்கங்கள் ஓரளவு நின்றுவிட்டன. மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில், அந்த விருந்தில், வண்டி அப்படியே நின்றுபோனது.

ஸ்காட்லாந்து மன்னர் டங்கனைக் கொன்று முடி சூடிய தளபதி மேக்பெத், தன் சக தளபதி பாங்கோவையும் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு விருந்து வைக்கிறான். பந்தி தொடங்கும்போதே கொலைகாரன் வாசலில் வந்து நின்று, வேலை முடிந்தது என்கிறான். மேக்பெத் திரும்பி வந்து உட்காரப் போனால் அவன் இருக்கையில் பாங்கோவின் ஆவி. மற்ற யாருக்கும் தெரியவில்லை. மனைவிக்குக்கூடத் தெரியவில்லை. இந்த இடத்தில் ஒரு நடிகரை உட்கார வைப்பதா, வெறும் நாற்காலியை விட்டுவிடுவதா? குழுவில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: வெறும் நாற்காலி. இந்த நாடகத்தில் வருகிற அமானுஷ்யம் அத்தனையும் மேக்பெத்தின் மனசு என்றுதான் எனக்குப் படுகிறது. நீ மன்னனாவாய் என்று குறி சொல்கிற சூனியக்காரிகள் அவன் ஆசை. டங்கனைக் கொல்லப் போகும்போது காற்றில் தொங்கும் கத்தி அவன் தயக்கம். ஆவி அவன் குற்ற உணர்வு. சூனியக்காரிகளைக்கூட மேடைக்குக் கொண்டுவராமல் இருட்டில் மூன்று குரலாக மட்டும் வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்றைக்கு வந்து உட்கார்கிறவர் பேயை நம்பிக்கொண்டு வருவதில்லை. மனசை நம்புவார்.

படித்தவர்கள், நடித்தவர்கள், இரண்டும் செய்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு எடுத்தாக வேண்டும்.

கரிக்கோடு எழுதியது:

உங்கள் வாதம் நாடகத்தின் முதல் நிமிடத்தைத் தாண்டாது.

இடி, மின்னல், மூன்று பேர் வருகிறார்கள். மொத்தமே பன்னிரண்டு வரிதான் பேசுகிறார்கள். மறுபடி எப்போது சந்திப்பது, எங்கே, யாரை. "நல்லதே கெட்டது, கெட்டதே நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மேக்பெத் இன்னும் மேடைக்கே வரவில்லை. போர்க்களத்தில் எங்கோ வாள் சுழற்றிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் அந்தக் காட்சி யாருடைய மனசுக்குள் நடக்கிறது? பார்க்கிறவர்களுடைய மனசிலா?

மூன்றாம் காட்சியிலும் அவன் வருவதற்கு முன்பே அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாலுமியின் மனைவி மடியில் கொட்டைகளை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள், எனக்குத் தரவில்லை, அவள் புருஷன் கப்பலைப் படுத்தி எடுக்கிறேன் பார் என்று ஒருத்தி கறுவுகிறாள். இவ்வளவு அற்பமான ஒரு பகை மேக்பெத்தின் கற்பனையில் ஏன் முளைக்க வேண்டும்? பிறகு இரண்டு தளபதிகளும் வரும்போது அவர்களை முதலில் கவனித்து விசாரிப்பது பாங்கோதான். "பெண்கள் மாதிரி இருக்கிறீர்கள், ஆனால் தாடி இருக்கிறதே" என்கிறான். தாடியைக்கூடப் பார்த்துச் சொல்கிறான். இருவர் ஒரே பிரமையை ஒரே நேரத்தில் தாடியோடு காண்பதில்லை.

சூனியக்காரிகளைக் குரலாக்கினால் நாடகத்தின் தலையையே வெட்டியது போலாகும்.

ஒத்திகை எழுதியது:

முதல் காட்சி விஷயம் நியாயம். அதை நான் இவ்வளவு யோசிக்கவில்லை.

ஆனால் அவர்கள் மறைந்ததும் அதே பாங்கோ என்ன கேட்கிறான்? "புத்தியைச் சிறைபிடிக்கிற வேரை ஏதும் தின்றுவிட்டோமா?" அவனுக்கே சந்தேகம் வருகிறது. உடம்பாகத் தெரிந்தது மூச்சு காற்றில் கரைந்த மாதிரி கரைந்துவிட்டது என்று மேக்பெத் சொல்கிறான். ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று தோன்றவில்லையா?

இரவுவாசகி எழுதியது:

கதவு திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் இருக்கிறார்களா இல்லையா என்ற கேள்வியில் இருவரும் மாட்டிக்கொண்டு, அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். எனக்கு இந்த நாடகம் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அவர்கள் மேக்பெத்தை மூன்று முறை வாழ்த்துகிறார்கள். கிளாமிஸ் பிரபுவே. காடர் பிரபுவே. இனி மன்னனாகப் போகிறவனே. இதில் கிளாமிஸ் ஏற்கெனவே அவனுடையது, அவனுக்கே தெரியும். காடர்? இதற்கு முந்தைய காட்சியில் டங்கன் மன்னர் துரோகியான காடர் பிரபுவுக்கு மரண தண்டனை விதித்து, அந்தப் பட்டத்தை மேக்பெத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஆளும் அனுப்பிவிட்டார். நாம் அதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். மேக்பெத்துக்கு மட்டும்தான் தெரியாது. அதாவது மூன்றில் ஒன்று பழைய செய்தி, ஒன்று வழியில் வந்துகொண்டிருக்கிற செய்தி. குறி என்று சொல்ல மூன்றாவது ஒன்றுதான். இரண்டாவது பலித்துவிட்டதைப் பார்த்து அவன் மூன்றாவதை நம்புகிறான். பலிக்கவில்லை, ஏற்கெனவே நடந்து முடிந்தது என்று நமக்குத் தெரியும். அரங்கில் உட்கார்ந்திருக்கிற நம்மை ஷேக்ஸ்பியர் அவனைவிட ஒரு படி மேலே நிறுத்தி, அவன் வழுக்குவதைப் பார்க்க வைக்கிறார்.

இன்னொன்று. "கொல்" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மன்னனாவாய், அவ்வளவுதான். சில வரிகளுக்குள் மேக்பெத்தின் மயிர் சிலிர்க்கிறது, நெஞ்சு விலாவில் இடிக்கிறது, கொலை என்ற சொல்லை அவன்தான் முதலில் கொண்டுவருகிறான். ஒரு கணம் தப்பிக்கவும் பார்க்கிறான்: விதி என்னை மன்னனாக்குவதானால், நான் அசையாமலே முடி சூட்டட்டும். இந்த வரியோடு நின்றிருந்தால் நாடகமே இல்லை. நின்றிருக்கலாம் என்பதுதான் நம்மை வதைக்கிறது. குறி பொய்யில்லை, ஆனால் கத்தி எடு என்று யாரும் சொல்லவுமில்லை.

ஷேக்ஸ்பியர் விமர்சகர் ஏ. சி. பிராட்லி 1904இல் வந்த தன் சொற்பொழிவுகளில் இதைத்தான் வற்புறுத்துவார்: அவர்கள் அறிவிக்கிறார்கள், கட்டாயப்படுத்துவதில்லை.

அவர்கள் சக்திக்கு ஒரு எல்லையும் இருக்கிறது. கரிக்கோடு சொன்ன அதே மாலுமிக் கதையில் அந்த எல்லை வருகிறது. கப்பலை மூழ்கடிக்க முடியாது, புயலில் அலைக்கழிக்க மட்டும் முடியும் என்று அவளே சொல்லிவிடுகிறாள். மேக்பெத்தின் கதை முழுவதையும் ஒரு மாலுமியை வைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஒத்திகை, அவர்களை அவன் மனசாக்கினால் இந்தத் தூரம் போய்விடும். வெளியிலிருந்து வந்த ஒரு உண்மைத் தகவல், உள்ளே இருந்து எழுந்த ஒரு ஆசை. இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் அவை ஒட்டிக்கொள்வதை நாம் பார்க்க முடியும்.

நீலத்திரை எழுதியது:

அக்கா சூப்பரா சொல்லிட்டீங்க. ஆனா எல்லாரும் லேடி மேக்பெத்தை விட்டுட்டீங்களே? நான் அந்த ரோல் பண்ணிருக்கேன், அதனால கேக்கறேன்.

அவ சூனியக்காரிங்களைப் பாக்கவே இல்ல. புருஷன் எழுதின கடிதத்தைத்தான் படிக்கறா. படிச்ச உடனே ஆவிகளைக் கூப்பிடறா: வாங்க, என் பெண்மையைப் பிடுங்கிப் போடுங்க, என் ரத்தத்தைக் கெட்டியாக்குங்க, முலைப்பாலை எடுத்துட்டுப் பித்தநீரைக் குடுங்கன்னு. யாராவது வர்றாங்களா? இல்ல. மேடையில ஒண்ணுமே நடக்காது. வேலைக்காரன் வந்து ராஜா இன்னைக்கு ராத்திரி இங்க வர்றார்னு சொன்னது அதுக்கு முந்தியே முடிஞ்சுடும், அடுத்து புருஷன் வந்துடுவான். அந்த ரெண்டுக்கும் நடுவுல நான் தனியா நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். வராத ஒண்ணைக் கூப்பிடறது எவ்வளவு பயமா இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் தெரியும்.

அப்புறம் ரெண்டாவது அங்கம் ஆரம்பத்துல பாங்கோ ஒரு வேண்டுதல் பண்றான் பாருங்க. கருணையுள்ள சக்திகளே, தூங்கும்போது வர்ற கெட்ட எண்ணங்களை அடக்குங்கன்னு. கொஞ்ச நேரத்துலயே மேக்பெத்கிட்ட நேத்து ராத்திரி அந்த மூணு பேரையும் கனவுல பாத்தேன்னு சொல்றான். அவனுக்கும் அதே விதை விழுந்திருக்கு! ஒருத்தி வான்னு கூப்பிடறா, ஒருத்தன் வராம பாத்துக்கோன்னு வேண்டறான். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க.

கரிக்கோடு எழுதியது:

நீலத்திரை, பாங்கோவுக்கு இவ்வளவு நல்ல பெயர் கொடுக்காதீர்கள். "இருளின் கருவிகள் நம்மைக் கெடுக்கச் சின்ன உண்மைகளைச் சொல்லி வசப்படுத்தும்" என்று முதலில் எச்சரித்ததும் அவன்தான். மூன்றாம் அங்கத் தொடக்கத்தில் "நீ தவறான வழியில்தான் அடைந்திருப்பாய்" என்று தனியாக முணுமுணுத்துவிட்டு, என் வம்சம் அரசாளும் என்ற அவர்கள் வாக்கு எனக்கும் பலிக்காதா என்று வாயை மூடிக்கொண்டதும் அவன்தான். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குக் கூலியாகத்தான் அன்றிரவு வெட்டு விழுகிறது என்பேன்.

பழைய ஏடு எழுதியது:

நாடகம் எழுதப்பட்ட காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். மேக்பெத் சுமார் 1606. இங்கிலாந்து அரியணையில் முதலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்திலிருந்து 1603இல் வந்தவர். இவர் பேய், சூனியம் பற்றித் தானே ஒரு நூல் எழுதி 1597இல் அச்சிட்டவர். டென்மார்க் இளவரசி ஆன் என்பவரை மணந்துகொண்ட சமயத்தில் கடலில் கடும் புயல்கள். அதைச் சூனியக்காரிகள் கிளப்பினார்கள் என்று ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் ஊரை வைத்து 1590, 91இல் பெரிய விசாரணை. 1591இல் வந்த துண்டு வெளியீட்டில் அந்தப் பெண்கள் சல்லடைகளில் ஏறிக் கடலில் போனதாக எழுதியிருக்கிறது. நாடகத்தில் முதல் சூனியக்காரி "சல்லடையில் ஏறி அங்கே போவேன்" என்கிறாள். அரங்கில் இருந்தவர்களுக்கு அது கற்பனையாக இருந்திருக்காது.

மூலக் கதை ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் இருக்கிறது, முதல் பதிப்பு 1577. அதில் அந்த மூவரும் கிழவிகளில்லை. விதியின் தேவதைகளோ, வனதேவதைகளோ என்று ஊர் பேசியதாகச் சொல்கிறது. கூட இருக்கிற மரச்செதுக்குப் படத்தில் நன்றாக உடுத்திய பெண்கள். பாங்கோவோ அந்த நூலில் மேக்பெத்தின் கூட்டாளி, டங்கனைக் கொல்வதில் உடந்தை. ஸ்டூவர்ட் அரச வம்சம் பாங்கோவின் வழி வந்தது என்பது அன்றைய நம்பிக்கை, அரியணையில் இருப்பவர் ஸ்டூவர்ட். ஷேக்ஸ்பியர் பாங்கோவைச் சுத்தப்படுத்தியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கரிக்கோடு சொல்கிற அந்த மௌனம், சுத்தப்படுத்திய பிறகும் மிஞ்சிய கறையாக இருக்கலாம்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக: விருந்துக்கு வருகிற ஆவி ஹோலின்ஷெட்டில் இல்லை. காற்றுக் கத்தியும் இல்லை. குறிகள் மூலத்திலிருந்து வந்தவை, ஆவியும் கத்தியும் ஷேக்ஸ்பியர் தானாகச் சேர்த்தவை. சேர்த்தவர் காரணமில்லாமல் சேர்க்க மாட்டார்.

சூனியக்காரிகளின் தலைவி ஹெகாட்டி வருகிற மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியைத் தாராளமாக வெட்டுங்கள். அது தாமஸ் மிடில்டன் என்ற இன்னொரு நாடகாசிரியர் சேர்த்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. சந்தமே வேறு.

இரவுவாசகி எழுதியது:

பழைய ஏடு, நார்த் பெரிக் விசாரணையைச் சல்லடையோடு முடித்துவிடாதீர்கள். அங்கே ஆக்னஸ் சாம்ப்சன் என்று ஒரு பெண் இருந்தாள். மருத்துவச்சி, வைத்தியம் பார்க்கிறவள். அரசரே நேரில் உட்கார்ந்து விசாரித்தார். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி 1591இல் கொன்றார்கள். ஏழைக் கிழவிகளைப் பிடித்து வதைக்கிறீர்கள், இதில் சூனியமும் இல்லை ஒன்றும் இல்லை என்று ரெஜினால்ட் ஸ்காட் 1584இலேயே புத்தகம் போட்டிருந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம்பாதவர்களும் இருந்தார்கள்.

அதனால்தான் ஒத்திகையிடம் ஒரு வேண்டுகோள். கோணல் மூக்கு, கூன் முதுகு, பொக்கை வாய்ச் சிரிப்பு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த உருவத்துக்குப் பின்னால் எரிக்கப்பட்ட உண்மைப் பெண்கள் இருக்கிறார்கள். நாடகமும் அதைக் கேட்கவில்லை. மேக்பெத் அவர்களை "சூனியக்காரி" என்று ஒரு தடவைகூட அழைப்பதில்லை. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது "வீயர்ட் சிஸ்டர்ஸ்". அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு விசித்திரம் என்ற பொருள் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு விதி என்று பொருள். தமிழில் "ஊழ்ச் சகோதரிகள்" என்று வைத்தால் என்ன?

பழைய ஏடு எழுதியது:

அவள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் தவறு.

சொல் பற்றி ஒரு சின்னத் தகவல். இந்த நாடகத்துக்கு நமக்கு இருக்கிற ஒரே மூலம் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 முதல் தொகுப்பு. அதில் அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி இருக்கிறது, சில இடங்களில் தறிகெட்டவர்கள், அடங்காதவர்கள் என்ற சொல்லுக்கு நெருங்கி ஒலிக்கும். 1733இல் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர்தான் "வீயர்ட்" என்று திருத்தினார்.

கரிக்கோடு எழுதியது:

"ஊழ்" எனக்கு உறுத்துகிறது. தமிழில் ஊழ் என்றால் வெளியிலிருந்து யாரோ எழுதி வைத்தது மட்டும் இல்லையே. நாம் செய்த வினை திரும்பி வந்து நம்மையே பிடிக்கிறது என்ற அர்த்தம் அதில் ஊறிக்கிடக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அந்த வினைக்கணக்கு இல்லை. அந்த மூவரைச் சந்திக்கும்போது மேக்பெத் இன்னும் எந்தப் பாவமும் செய்யவில்லை. அப்போதே "ஊழ்" என்று பெயர் வைத்தால் செய்யாத வினைக்குப் பலன் வந்த மாதிரி ஆகிவிடும்.

இரவுவாசகி எழுதியது:

நல்ல ஆட்சேபம். இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப் பாருங்கள். முதல் தடவை அவர்கள்தான் அவன் வழியில் காத்து நிற்கிறார்கள். நான்காம் அங்கத்தில் அவன்தான் அவர்களைத் தேடிப் போகிறான். அவன் வருவதை அறிந்து ஒருத்தி சொல்வாள்: என் கட்டைவிரல் குறுகுறுக்கிறது, ஏதோ கொடியது இந்தப் பக்கம் வருகிறது. கொடியது என்று அவர்களே சொல்கிற இடத்துக்கு அவன் போய்விட்டான்! அப்போது "ஊழ்" என்ற சொல் உங்கள் அர்த்தத்திலேயே பொருந்திவிடுகிறது. முதல் அங்கத்தில் கொஞ்சம் இடறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடறட்டும் என்று விட்டுவிடுவேன்.

மேடைவிளக்கு எழுதியது:

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். நான் பாங்கோவாக நடித்தவன், பல வருடங்களுக்கு முன்.

முதலில் பாடம் என்ன சொல்கிறது? 1623 தொகுப்பின் மேடைக்குறிப்பில் பாங்கோவின் ஆவி உள்ளே வந்து மேக்பெத்தின் இடத்தில் உட்காருகிறது என்று இருக்கிறது. கத்திக்கு அப்படி ஒரு குறிப்பும் கிடையாது. சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் 1611இல் குளோப் அரங்கில் இதைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆவி வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்ததையும், மேக்பெத் உட்காரத் திரும்பும்போது அதை நேருக்கு நேர் கண்டு பயமும் ஆவேசமுமாக ஆனதையும் அவர் மறக்கவில்லை. ஆக, அன்றைக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறார். வெறும் நாற்காலியும் புதுச் சரக்கில்லை. நடிகர் ஜான் ஃபிலிப் கெம்பிள் 1794இலேயே ஆவியை நீக்கிவிட்டு நடித்துப் பார்த்தார். இயக்குநர் ரூபர்ட் கூல்ட் 2007இல் இரண்டையும் செய்தார்: இடைவேளைக்கு முன் ஆவியோடு, இடைவேளை முடிந்ததும் அதே காட்சி ஆவி இல்லாமல், விருந்தினர்கள் கண்ணில்.

இப்போது நான் உட்கார்ந்த நாற்காலி. எங்கள் இயக்குநர் எனக்கு ஒப்பனையே வேண்டாம் என்றார். தலையில் ஒரே ஒரு வெட்டு. கொலைகாரன் இருபது வெட்டு என்று சொல்கிறான், சொல்லே போதும். வா, உட்கார், அவனைப் பார், தலையை லேசாக அசை. வசனம் கிடையாது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஹாம்லெட்டின் அப்பா ஆவி எவ்வளவு பேசுகிறது! பழி வாங்கச் சொல்கிறது, கொலை நடந்த விதத்தைச் சொல்கிறது. பாங்கோ வாயே திறப்பதில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பகலில் மேக்பெத் பாங்கோவிடம் "விருந்துக்குத் தவறாமல் வந்துவிடு" என்கிறான். "தவற மாட்டேன், பிரபு" என்று பாங்கோ சொல்கிறான். நான் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன்! மிரட்ட வரவில்லை. அழைத்தாய், வந்தேன். ஊரார் முன்னால் "பாங்கோவும் இங்கே இருந்திருந்தால்" என்று அவன் நடிக்கிற ஒவ்வொரு முறையும் நான் வந்து நிற்கிறேன். அந்த நினைப்போடு உட்கார்ந்தேன், கோபமே இல்லாமல். எதிரே மேக்பெத்தாக நடித்த நண்பருக்கு அன்று வியர்த்தது நடிப்பில்லை.

ஒத்திகை, வெறும் நாற்காலி வைத்தால் பார்க்கிறவர் யாரோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று யோசியுங்கள். விருந்தினர்களோடு. மேக்பெத் ஒரு பைத்தியக்காரனாகத் தெரிவான், பாவம் என்போம், தூரத்தில் இருந்து. ஆள் உட்கார்ந்திருந்தால் அவனுக்குத் தெரிவது நமக்கும் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. கொலைகாரனோடு நாம் தனியாக மாட்டிக்கொள்கிறோம்.

ஒத்திகை எழுதியது:

இதைப் படித்துவிட்டு நேற்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. வசனத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆவியைக் கண்டதும் மேக்பெத்தின் முதல் வரி பயம்கூட இல்லை. "உங்களில் யார் இதைச் செய்தது?" என்று கேட்கிறான். எல்லோருக்கும் தெரிகிறது, யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறான். கத்தியைக் கண்டபோது அப்படியில்லை. பிடிக்கப் பார்க்கிறான், கையில் சிக்கவில்லை, சூடேறிய மூளையின் பொய்ப் படைப்பு என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிடுகிறான். கத்தியைச் சந்தேகிக்கிறான், ஆவியைச் சந்தேகிப்பதே இல்லை.

அப்படியானால் கத்தியைக் காட்டக் கூடாது, ஆவியைக் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் என் பிழை. சரியா?

நீலத்திரை எழுதியது:

சரி சரி சரி! லேடி மேக்பெத் பக்கத்துல இருந்தும் அதான் சரி. பாங்கோவைக் கொல்லப் போறதை அவன் அவகிட்ட சொல்லவே இல்ல. நீ தெரியாமலே இரு கண்ணேன்னு மழுப்பிடறான். அதனால விருந்துல அவளுக்கு என்ன நடக்குதுன்னே புரியாது, இதுவும் அந்தக் கத்தி மாதிரிதான், நீ பாக்கறது வெறும் முக்காலின்னு திட்டறா. ஆள் உக்காந்திருக்கற நாற்காலியைக் காட்டி அவ வெறும் முக்காலின்னு சொன்னா, அந்த ரெண்டு பேரும் எவ்வளவு தூரம் பிரிஞ்சுட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் அவங்க ஒண்ணா வர்ற காட்சியே கிடையாது. அடுத்து அவ வர்றது தூக்கத்துல நடந்துதான்.

புதுமுகம் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த நாடகத்தின் பெயரை அரங்கத்துக்குள் சொல்லக் கூடாது, சாபம் என்கிறார்களே, அதையும் அமானுஷ்யக் கணக்கில் சேர்க்கலாமா?

மேடைவிளக்கு எழுதியது:

அரங்கக்காரர்கள் "ஸ்காட்டிஷ் நாடகம்" என்று சுற்றி வளைத்துச் சொல்வது உண்டு. சாபத்துக்கு உதாரணமாக 1849இல் நியூயார்க் ஆஸ்டர் பிளேஸ் கலவரத்தைக் காட்டுவார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குக் காரணம் மெக்ரெடி, ஃபாரஸ்ட் என்ற இரண்டு நடிகர்களின் ரசிகர் பகையும் வர்க்கக் கோபமும். கடைசியில் சுட்டது படைவீரர்கள். இதில் அமானுஷ்யம் ஒன்றும் இல்லை.

இரவுவாசகி எழுதியது:

ஐந்தாம் அங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் ஒன்று. அங்கே அமானுஷ்யமே கிடையாது. நான்காம் அங்கத்தோடு அந்த மூவரும் போய்விடுகிறார்கள், திரும்பி வருவதில்லை, தண்டனையும் இல்லை. பர்னம் காடு டன்சினேன் மலைக்கு வரும்வரை தோல்வி இல்லை என்றார்கள். காடு எப்படி வருகிறது? படையின் எண்ணிக்கை தெரியாமலிருக்க ஆளுக்கொரு கிளையை வெட்டிப் பிடியுங்கள் என்று டங்கனின் மகன் மால்கம் உத்தரவு போடுகிறான். போர்த்தந்திரம். பெண் பெற்றெடுத்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்றார்கள். அவனைக் கொல்கிற மக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். மருத்துவம். மந்திரம் சொன்ன வாக்கு, மந்திரமே இல்லாமல் பலிக்கிறது.

அதைவிடப் பயங்கரம் அவன் உள்ளே நடப்பது. ஆவியைக் கண்டு வெளிறியவன் இப்போது சொல்கிறான்: பயத்தின் ருசியையே மறந்துவிட்டேன். உள்ளே பெண்கள் அலறுகிறார்கள், மனைவி இறந்துவிட்டாள் என்கிறார்கள், அவனுக்கு உடம்பு சிலிர்க்கவில்லை. இனி ஒரு ஆவி வந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. விருந்தில் அவன் நடுங்கும்போது உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. மேடைவிளக்கு ஐயா உட்கார்ந்த அந்த நாற்காலிதான் கடைசியாக அவனிடம் யாரோ வந்து பேசிப் பார்த்த இடம், வாய் திறக்காமலே.

இன்னொரு விஷயம், வெட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்: நான்காம் அங்கம் மூன்றாம் காட்சியில் இங்கிலாந்து மன்னர் எட்வர்டு கைபட்டதும் கழுத்துக் கட்டி நோயாளிகள் குணமாவதாக மால்கம் சொல்கிற பகுதி. எல்லா இயக்குநர்களும் முதலில் கைவைப்பது அங்கேதான். இந்த நாடகத்தில் நல்ல பக்கம் நிற்கிற அமானுஷ்யம் அது ஒன்றுதான். அந்த மன்னருக்கும் வருங்காலம் உரைக்கும் வரம் உண்டு என்று அங்கேயே வருகிறது. கொல்கிற குறி ஒன்று, ஆற்றுகிற குறி ஒன்று. ஸ்காட்லாந்தில் லேடி மேக்பெத்துக்கு மருத்துவர் கைவிரிக்கப் போகிறார், இவளுக்கு வைத்தியரைவிடப் பாதிரியார்தான் தேவை என்று. அந்த வரிக்கு எடை வர வேண்டுமானால் முந்தைய காட்சியில் அந்தக் கை இருக்க வேண்டும்.

ஒத்திகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

மூவரும் மேடையில் வருவார்கள். முதுமை வேஷம் இல்லை, சாதாரண உடை, போர்க்களத்தில் இறந்தவர்களின் உடைமைகளைப் பொறுக்க வந்த பெண்கள் மாதிரி. பெயரை "ஊழ்ச் சகோதரிகள்" என்றே வைத்திருக்கிறோம், முதல் அங்கத்தில் இடறினாலும். கத்தி கிடையாது, நடிகரின் கண் மட்டும். ஹெகாட்டி போயாயிற்று. எட்வர்டு மன்னர் பகுதி பத்து வரி தங்குகிறது, இரவுவாசகி அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று ஆவியோடு முதல் ஒத்திகை. பாங்கோவாக நடிப்பவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: அழைத்தார்கள், வந்திருக்கிறீர்கள். அவர் வந்து உட்கார்ந்தார். மேக்பெத் திரும்பினான். என் பக்கத்தில் பிரதி வைத்திருந்த பெண் பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டாள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ராஸும் லெனாக்ஸும் மற்ற பிரபுக்களும் அந்த நாற்காலியைப் பார்த்துத் தொலைக்கிறார்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் கண் தானாகப் போகிறது. ஒருவர் பார்த்தாலும் எல்லாம் போய்விடும். இதற்கு என்ன செய்வது, மேடைவிளக்கு ஐயா?

மேடைவிளக்கு எழுதியது:

பார்க்காதே என்று சொல்லாதீர்கள், சொன்னால் அதிகம் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் மேக்பெத்தின் முகத்தில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், ஒருவருக்கு வாய், ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் கண் இமை. மன்னனுக்கு உடம்புக்கு என்னவோ என்ற கவலை மட்டும்தான் அவர்களுக்கு. ஒரு ஒத்திகையை ஆவி இல்லாமல் செய்யுங்கள், அடுத்ததில் அவர்களிடம் சொல்லாமல் பாங்கோவை உள்ளே அனுப்புங்கள். அப்புறம் அந்த நாற்காலி ஓரம் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், லேடி மேக்பெத் "வெறும் முக்காலி" என்று சொல்லும்போது அவர் தோளுக்கு அரை அடி தள்ளி அவள் கை வந்து நிற்க வேண்டும்.